பழைய ப்ரொசெசரை ஓவர்க்ளொக் செய்யலாமா? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி வரும் கேள்விகள்

பழைய டெஸ்க்டொப் வைத்திருப்பவர்களுக்கான பக்கம் இது. கோர் 2 டுவோ, அத்லொன், ஃபீனம், முதல் இரண்டு மூன்று தலைமுறை ஐ3, ஐ5 என்பவைதான் இங்கே பேச்சு. காத்தான்குடியிலோ கல்முனையிலோ பாவித்த பெட்டி ஒன்றை வாங்கிய பிள்ளைகள் கேட்பவையும், வந்தாறுமூலை, ஒலுவில் கம்பஸ் பிள்ளைகள் வாதாடுபவையும் கலந்து கிடக்கின்றன. பாதிக் கேள்விகள் ஓவர்க்ளொக், அதாவது கம்பெனி வைத்த வேகத்துக்கு மேல் ப்ரொசெசரை ஓடவிடுவது பற்றியவை. மீதி, சிப் எப்படிச் செய்யப்படுகிறது என்று ஊரில் உலாவும் கதைகள். ஒன்று விளங்காமல் மற்றது விளங்காது என்பதால் பிரித்து வைக்கவில்லை.

ஓவர்க்ளொக் செய்யும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

மதர்போர்டில் 14.318 மெகாஹேர்ட்ஸ் படிகம் ஒன்று இருக்கும். அதை வைத்து ஒரு க்ளொக் சிப் அடிப்படைத் துடிப்பை உண்டாக்குகிறது. ப்ரொசெசர் தனக்குள் பூட்டி வைத்திருக்கும் ஓர் எண்ணால் அதைப் பெருக்கிக்கொள்ளும். கோர் 2 டுவோ ஈ8400இல் அடிப்படை 333, பெருக்கும் எண் 9, ஆகவே 3.0 கிகாஹேர்ட்ஸ். மெஷின் தொடங்கும்போது திறக்கும் அமைப்புப் பக்கமான பயோஸில் 333ஐ 400 ஆக்கினால் 3.6.

3.0இல் ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையில் 333 பிகோசெக்கன் இருக்கிறது. 3.6இல் அது 278 ஆகிவிடும். வரிசையாக நிற்கும் ட்ரான்சிஸ்டர்களைக் கடந்து சிக்னல் அந்த நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். சேராவிட்டால் 1 வர வேண்டிய இடத்தில் 0 பதிவாகும். மெஷின் உறைந்து நிற்கும் அல்லது நீலத் திரை வரும். வோல்டேஜைக் கூட்டினால் ட்ரான்சிஸ்டர் விரைவாக மாறும், சிக்னலும் நேரத்துக்குச் சேரும். ஓவர்க்ளொக் என்பது அவ்வளவுதான்.

பெட்டியில் அச்சடித்த வேகத்தை சிப்பின் உச்ச வேகம் என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. அனுமதித்த அதிகபட்ச வெப்பத்தில், வோல்டேஜ் கொஞ்சம் இறங்கிய நேரத்தில், சில வருடம் ஓடித் தேய்ந்த பிறகும் இந்த வேகம் ஓடும் என்று கம்பெனி தரும் வாக்கு அது. அந்த வாக்குக்காக ஒரு கையிருப்பை விட்டுவைக்கிறார்கள். நாங்கள் எடுத்துச் செலவழிப்பது அந்தக் கையிருப்பைத்தான். எங்கள் வெயிலும் எங்கள் கரண்டும் அதில் ஒரு பங்கை ஏற்கனவே எடுத்துக்கொள்வதைக் கணக்கில் வைத்துக்கொண்டு மற்றவற்றை வாசியுங்கள்.

என்னிடம் இருப்பது டெல் ஒப்டிப்ளெக்ஸ். பயோஸில் எங்கே போய்க் கூட்டுவது?

கூட்ட முடியாது. டெல், எச்பி, லெனோவோ ஒபிஸ் பெட்டிகளின் பயோஸில் அந்த மெனுவே இருக்காது. கொழும்பில் இருந்து லொறியில் வரும் பாவித்த பெட்டிகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். இரண்டாம் தலைமுறை ஐ3, ஐ5ஐ எச்61 போர்டில் வைத்திருப்பவர்களுக்கும் இதே பதில்தான். 2011இல் வந்த சாண்டி பிரிட்ஜில் அடிப்படைத் துடிப்பு 100 மெகாஹேர்ட்ஸ். ஹார்ட் டிஸ்க், கார்ட் இணைப்புகளான சாட்டா, பிசிஐ எக்ஸ்பிரஸ் எல்லாம் அதே துடிப்பில் ஓடுவதால் நாலைந்து சதவீதம் கூட்டியதும் ஹார்ட் டிஸ்க் தடுமாறத் தொடங்கும். பெருக்கும் எண்ணை மாற்ற வேண்டுமென்றால் 2500கே மாதிரி ‘கே’ போட்ட சிப்பும், பி67 அல்லது இசட்68 போர்டும் வேண்டும்.

ஆசஸ், கிகாபைட், எம்எஸ்ஐ என்று தனியாக வாங்கிப் பூட்டிய போர்ட் உங்களிடம் இருந்தால் தொடர்ந்து வாசியுங்கள்.

செலரோன் என்றால் பென்டியத்தில் கழித்த குறுணல்தானே?

இது பாதி உண்மை. அதனால்தான் இவ்வளவு காலம் உயிரோடு இருக்கிறது.

ஒரு வேபரில், அதாவது சிப்புகளை உருவாக்கும் வட்டச் சிலிக்கன் தட்டில் இருந்து வெட்டியெடுக்கும் நூற்றுக்கணக்கான சிப்புகள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஒன்று குறைந்த வோல்டேஜிலேயே 3 கிகாஹேர்ட்ஸ் ஓடும், இன்னொன்று 2.6இல் திணறும். ஒவ்வொன்றையும் சோதித்துத் தரம் பிரித்துத்தான் மொடல் எண் போடுகிறார்கள். இதுவரை குறுணல் கதை சரி.

ஆனால் ஒரு தயாரிப்பு முறை பழகப் பழக, நல்ல சிப்புகளின் பங்கு கூடிக்கொண்டே போகும். சந்தையோ விலை குறைந்த மொடலைத்தான் அதிகம் கேட்கும். அப்போது மேல் தரத்தில் தேறிய சிப்புக்கும் கீழ்த்தர எண்ணைப் போட்டு அனுப்புவார்கள். ஓவர்க்ளொக் செய்பவர்களுக்குக் கிடைத்த பரிசுகளில் பெரும்பகுதி இப்படி வந்தவைதான்.

1998 ஓகஸ்டில் வந்த செலரோன் 300ஏ இன்னும் ஒரு படி மேலே. அது கழித்த பென்டியம் 2 இல்லை. தனியாக வடிவமைத்த சிப். கேஷ் என்ற சிறு வேக நினைவகம் 128 கிலோபைட், சிப்புக்குள்ளேயே இருந்தது, ப்ரொசெசரின் முழு வேகத்திலும் ஓடியது. பென்டியம் 2இல் 512 கிலோபைட் இருந்தாலும் அது வெளியே தனிச் சிப்பாக, அரை வேகத்தில் ஓடியது. 300ஏயின் அடிப்படைத் துடிப்பு 66, பெருக்கும் எண் 4.5. இன்டெலின் 440பிஎக்ஸ் சிப்செட் உள்ள போர்டில் 66ஐ 100 ஆக்கினால் 450 மெகாஹேர்ட்ஸ். மலிவுச் சிப் ஒன்று, தன்னைவிடப் பல மடங்கு விலைபோன பென்டியம் 2 450ஓடு தோளுக்குத் தோள் நின்றது.

அந்தக் காலத்து வேடிக்கை ஒன்றையும் சொல்ல வேண்டும். அடிப்படைத் துடிப்பை 83இல் வைத்தால் ஹார்ட் டிஸ்கில் இருந்த ஃபைல் பழுதாகும். அதைவிடக் கூடிய 100இல் ஒரு பிரச்சினையும் வராது. 83ஐ இரண்டால் பிரித்து, கார்டுகள் இணையும் பாதையான பிசிஐக்குக் கொடுத்தால் 41 மெகாஹேர்ட்ஸுக்கு மேல் போகும். 100இல் போர்ட் மூன்றால் பிரிப்பதால் பிசிஐக்கு உரிய 33 அப்படியே கிடைக்கும்.

அப்படியென்றால் இப்போதைய சிப்புகள் ஏன் அப்படி ஏறுவதில்லை?

கம்பெனியே ஏற்றி வைத்துத் தருகிறது. 2008 நவம்பரில் முதல் ஐ7ஓடு இன்டெல் டர்போ பூஸ்ட்டைக் கொண்டுவந்தது. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கிற அளவுக்குச் சிப் தானாகவே வேகத்தைக் கூட்டிக்கொள்ளும். முன்பு எங்களுக்கு விட்டுவைத்த கையிருப்பை இப்போது சிப்பே சாப்பிடுகிறது.

கிகாஹேர்ட்ஸ் கூடினால் வேகம் கூடும்தானே? என் பென்டியம் 4, 3.0. நண்பனின் கோர் 2, 1.86. ஆனாலும் அவனுடையது விரைவாக இருக்கிறதே?

ஒரே குடும்பச் சிப்புகளை ஒப்பிடும்போது மட்டும்தான் கிகாஹேர்ட்ஸ் கணக்குச் செல்லும். பென்டியம் 4இன் பிந்திய வகையான ப்ரெஸ்கொட்டில் ஒரு கட்டளை 31 படிகளைத் தாண்டிப் போக வேண்டும். கோர் 2இல் 14தான். படிகளைக் கூட்டினால் துடிப்பை ஏற்றலாம், ஆனால் ஒரு துடிப்பில் முடியும் வேலை குறையும், சூடும் கூடும். 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியம் 4ஐ விடுவதாகச் சொல்லியிருந்த இன்டெல், 2004 ஒக்டோபரில் அதைக் கைவிட்டது. உங்கள் ப்ரெஸ்கொட்டை 3.6க்கு ஏற்றினாலும் நண்பனின் கோர் 2ஐப் பிடிக்கப்போவதில்லை. அறைதான் சூடாகும்.

சிப்பில் ‘மலேசியா’ என்று எழுதியிருக்கிறது. கடைக்காரர் டூப்ளிகேட்டைத் தந்துவிட்டாரா?

இல்லை. மலேசியா, கொஸ்டாரிக்கா, பிலிப்பைன்ஸ், வியட்நாம் என்று இருப்பது எல்லாம் வெட்டிய சிப்பை அடித்தட்டில் பொருத்தி, மூடி, சோதித்த இடத்தின் பெயர். இன்டெல் 1972இலேயே பினாங்கில் அந்த வேலையைத் தொடங்கிவிட்டது. வேபர் செய்யும் தொழிற்சாலைகள் ஒரிகன், அரிசோனா, அயர்லாந்து, இஸ்ரேல் போன்ற இடங்களில் இருந்தன. ஏஎம்டி இதை நேர்மையாக இரண்டு வரியில் அச்சடித்தது: சிப் ஜேர்மனியில் உருவானது, மலேசியாவில் பொருத்தப்பட்டது. அந்த ஜேர்மனி ட்ரெஸ்டன் நகரம்.

‘கொஸ்டாரிக்கா எழுதியது நன்றாக ஏறும், மலேசியா எழுதியது ஏறாது’ என்பதும் இதே குழப்பத்தில் பிறந்த கதைதான். மூடிய ஊர் எதுவானாலும் உள்ளே இருக்கும் சிலிக்கன் மாறாது. எந்த வாரம் செய்தது, வடிவமைப்பின் எந்தத் திருத்தம் (ஸ்டெப்பிங்) என்பவற்றில் அர்த்தம் உண்டு. கோர் 2 குவாட் கியூ6600இல் பி3 திருத்தம் 105 வாட், பின்னால் வந்த ஜி0 95 வாட். வாங்கும்போது ஜி0வைத் தேடி எடுங்கள்.

மூடியைச் சுரண்டி வேறு எண் அடிப்பது பென்டியம் காலத்தில் உண்மையாகவே நடந்த ஏமாற்று வேலை. சந்தேகம் என்றால் சிபியு-இசட் என்ற மென்பொருளை ஓடவிட்டு உள்ளே இருக்கும் பெயரையும் பெருக்கும் எண்ணையும் பாருங்கள்.

சிப் மணலில்தானே செய்வது? கல்லடிக் கடற்கரையில் இவ்வளவு மணல் இருக்கும்போது…

கல்லடி மணல் வேலைக்கு ஆகாது. கடற்கரை மணலில் சிப்பித்தூள், உப்பு, கனிமங்கள் எல்லாம் கலந்திருக்கும். வடக்கே புல்மோட்டையில் அள்ளும் கறுப்பு மணலையும் சிலர் இதோடு சேர்த்துச் சொல்வார்கள். அதில் இருப்பது இல்மனைட், ரூட்டைல், சிர்க்கொன். இல்மனைட்டும் ரூட்டைலும் டைட்டேனியத்துக்குப் போகிறவை, சிப்புக்கு அல்ல.

சிப்புக்கான பயணம் தூய குவார்ட்ஸ் கல்லில் தொடங்குகிறது. மின் உலையில் கரியோடு உருக்கினால் 98, 99 சதவீதச் சிலிக்கன் கிடைக்கும். இரும்பு, அலுமினிய உலோகக் கலவைகளுக்கு அது போதும். சிப்புக்கு அது குப்பை. அதை ட்ரைக்ளோரோசைலேன் என்ற திரவமாக்கி, காய்ச்சி வடித்து, மறுபடி சிலிக்கனாகப் படிய வைப்பார்கள். தசமத்துக்குப் பிறகும் ஏழெட்டு ஒன்பதுகள் வரும் அளவுக்குத் தூய்மை வேண்டும். பிறகு 1414 பாகைக்கு மேல் உருக்கி, விதைப் படிகம் ஒன்றைத் தொட்டு, சுழற்றிக்கொண்டே மெதுவாக மேலே இழுப்பார்கள். போலந்து விஞ்ஞானி சொக்ரால்ஸ்கி 1916இல் கண்டுபிடித்த முறை அது. வரும் உருளையை மெல்லிய தட்டாக அறுத்தால் வேபர்: 300 மில்லிமீற்றர் விட்டம், முக்கால் மில்லிமீற்றரைவிடச் சற்றே கூடிய தடிப்பு. ஒரு வேபர் உள்ளே போய், நூற்றுக்கணக்கான கட்டங்களைத் தாண்டி முடிந்த சிப்பாக வெளியே வர இரண்டு மூன்று மாதம் ஆகும்.

சிப்பின் விலையில் மூலப்பொருள் ஒரு பொருட்டே இல்லை. மணல் இருக்கிறது, தொழிற்சாலை கட்டலாம் என்று மேடையில் பேசுபவர்களை நம்ப வேண்டாம்.

22 நனோமீற்றர் என்றால் ட்ரான்சிஸ்டர் 22 நனோமீற்றர் அகலமா?

இல்லை. ஒரு காலத்தில் அந்த எண் உண்மையான நீளம் ஒன்றைக் குறித்தது. இப்போது அது தலைமுறைப் பெயர் மட்டும்தான். இன்டெலின் 14 நனோமீற்றர் என்ற முறையில் ட்ரான்சிஸ்டரைத் திறந்து மூடும் பகுதியான கேட் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைத்தூரம் 70 நனோமீற்றர். ஆகவே ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் எண்ணோடு நேரடியாக ஒப்பிட்டுச் சண்டை பிடிப்பதில் பயனில்லை.

எங்கள் வெயிலுக்கு ஓவர்க்ளொக் தாங்குமா?

எல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

ஒரே வேலை, ஒரே ஹீட்சிங்க், ஒரே ஃபேன் வேகம் என்றால், சிப் அறையைவிட இத்தனை பாகை கூடச் சூடாக இருக்கும் என்ற வித்தியாசம் கிட்டத்தட்ட மாறாது. 22 பாகை அறையில் 62இல் நின்ற சிப், 35 பாகை அறையில் 75இல் நிற்கும். யூடியூபில் வெள்ளைக்காரர் காட்டும் எண்ணில் அவருடைய அறையும் சேர்ந்திருக்கிறது. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே பின்னேரம் இரண்டு மணிக்கு உங்கள் அறை எத்தனை பாகை என்று முதலில் பாருங்கள். கார்த்திகை மழையில் இரவு பதினொரு மணிக்குச் சோதித்து, ‘3.6 ஸ்டேபிள்’ என்று சொல்பவரின் மெஷின் ஆனியில் விழும்.

சூடு எவ்வளவு கூடும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. வேகம் எத்தனை மடங்கோ சூடும் அத்தனை மடங்கு. வோல்டேஜோ இரண்டு தரம் பெருக்கப்படும். வேகத்தை 20 சதவீதமும் வோல்டேஜை 10 சதவீதமும் கூட்டினால் 1.2 × 1.1 × 1.1, அதாவது 45 சதவீதம் கூடுதல். 65 வாட் சிப் 94 வாட்டுக்கு வந்துவிடும். ஆகவே வோல்டேஜைத் தொடாமல் எவ்வளவு ஏறுகிறதோ அதோடு நிற்பதுதான் எங்கள் பக்கத்துக்குச் சரி என்பது என் முடிவு. ஈ2160 மாதிரிச் சிப்பில் 1.8இல் இருந்து 2.4 வருவதற்குப் பெரும்பாலும் வோல்டேஜ் தேவைப்படாது.

எதைத் தொடுவதற்கு முன்னும் ஹீட்சிங்கைக் கழற்றிப் பாருங்கள். கடற்கரையோர வீடுகளில் உப்பு ஈரத்தோடு தூசி சேர்ந்து, ஃபேனுக்கு அடியில் அலுமினியத் தகடுகளுக்கு இடையே ஒட்டிப்போய் இருக்கும். ஊதினால் போகாது, பிரஷால் எடுக்க வேண்டும். சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் இடையில் பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாக உதிரும். கோர் 2 பொருந்தும் 775 சொக்கெட்டின் இன்டெல் கூலரில் நாலு பிளாஸ்டிக் ஊசிகள் உண்டு. மூன்று உட்கார்ந்து ஒன்று எழும்பி நின்றால் வெளியே பார்க்க எல்லாம் சரி மாதிரித்தான் இருக்கும், ஒரு மூலை மட்டும் சிப்பைத் தொடாது. ஊசியின் தலையில் உள்ள அம்பைப் பாருங்கள், எதிர் எதிர் மூலையாக அழுத்துங்கள், ‘டக்’ சத்தம் நாலு தரம் வர வேண்டும். போர்டைத் திருப்பி, நாலு ஊசியும் முழுதாக வெளியே வந்து விரிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேகத்தைக் கூட்டினால் சிப் எரிந்துவிடுமா?

வேகம் மட்டும் கூடினால் மெஷின் நிற்கும், எரியாது. கொல்வது வோல்டேஜும் வெப்பமும். சிப்புக்குள் உள்ள மெல்லிய உலோகக் கம்பிகளில் எலக்ட்ரோன்கள் பாயும்போது அணுக்களையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிக்கொண்டு போகும். ஓரிடத்தில் கம்பி மெலிந்து அறுந்துவிடும். வெப்பமும் மின்னோட்டமும் கூடக் கூட இது வேகமாக நடக்கும். 1.5 வோல்ட் அளவில் ஓட வேண்டிய பென்டியம் 4 நோர்த்வூட்டுக்கு 1.7க்கு மேல் கொடுத்தவர்கள், மாதக்கணக்கில் நன்றாக ஓடிய சிப் ஒரு நாள் திடீரென்று செத்ததைக் கண்டிருக்கிறார்கள்.

கோர் 2க்கு இன்டெல் தந்த வோல்டேஜ் வீச்சு: 65 நனோமீற்றர் சிப்புக்கு 1.5 வரை, 45 நனோமீற்றர் சிப்புக்கு 1.3625 வரை. அதைத் தாண்டச் சொல்லும் வீடியோக்களைத் தாண்டிப் போங்கள்.

கரண்ட் ஏறி இறங்குகிறது. அது ஓவர்க்ளொக்கைப் பாதிக்குமா?

பாதிக்கும். மாலையில் எல்லா வீட்டிலும் லைட், ஃபேன், மோட்டார் போடும் நேரத்தில் 230 இருக்க வேண்டிய இடத்தில் வோல்டேஜ் இறங்கும் ஒழுங்கைகள் இருக்கின்றன. பெட்டியோடு வந்த மலிவு பவர் சப்ளைக்கு அப்போது மூச்சு முட்டும். கூட்டாமல் ஓடும் மெஷின் அதைத் தாங்கிக்கொள்ளும், கூட்டிய மெஷின் ரீஸ்டார்ட் ஆகும்.

போர்டில் ப்ரொசெசரைச் சுற்றி நிற்கும் உருளைக் கெப்பாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். வீங்கியோ, மேலே பழுப்பாகக் கசிந்தோ இருந்தால் அந்தப் போர்டில் ஓவர்க்ளொக் பேச்சே வேண்டாம். 2000களின் முதல் பாதியில் தரமற்ற கெப்பாசிட்டர்கள் உலகம் முழுக்கப் பரவின. இங்கே வெப்பம் அவற்றின் ஆயுளை இன்னும் குறைக்கிறது. பழைய மெஷின் செத்தால் முதலில் போனது இவையாகவோ பவர் சப்ளையாகவோதான் இருக்கும்; ப்ரொசெசர் அபூர்வமாகத்தான் சாகும்.

சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேர இடி தொடங்கினால் ப்ளக்கைக் கழற்றுங்கள். யூபிஎஸ்ஸை நம்ப வேண்டாம்.

775 போர்டில் எந்த ஒழுங்கில் செய்வது?

முக்கியமான ஃபைல்களைப் பென் ட்ரைவில் எடுத்து வையுங்கள். பயோஸில் பிசிஐ எக்ஸ்பிரஸை 100இலும் பிசிஐயை 33.3இலும் பூட்டுங்கள். ரேம் விகிதத்தை மிகக் குறைந்ததில் வையுங்கள், இல்லாவிட்டால் விழுந்தது ரேமா ப்ரொசெசரா என்று தெரியாமல் அலைவீர்கள். பிறகு அடிப்படைத் துடிப்பைப் பத்துப் பத்தாகக் கூட்டி, ஒவ்வொரு தரமும் ப்ரொசெசரை முழு வேலையில் வைக்கும் பிரைம்95ஐ ஓடவிட்டு, கோர் டெம்ப் என்ற மென்பொருளில் வெப்பத்தைப் பாருங்கள். விழும் இடம் தெரிந்ததும் இரண்டு படி கீழே இறங்குங்கள். கடைசியில் பகல் வெயிலில் சில மணி நேரம் ஓட வேண்டும்.

விண்டோஸ் திறந்து படம் ஓடினால் போதும் என்று நிறுத்தாதீர்கள். விழாமல் ஓடிக்கொண்டே தப்பான விடை தரும் மெஷின்தான் ஆகப் பொல்லாதது. கடைக் கணக்கும் கம்பஸ் ப்ரொஜெக்ட்டும் சத்தமில்லாமல் பழுதாகும்.

பென்சிலால் கோடு போட்டால் ப்ரொசெசர் திறக்கும் என்கிறார்களே, பொய்தானே?

உண்மை. ஆனால் 2000ஆம் ஆண்டு அளவில் வந்த அத்லொன் தண்டர்பேர்டுக்கும் டியூரொனுக்கும் மட்டும். சிப்பின் மேலே வெட்டிவிட்ட ‘எல்1’ பாலங்களைப் பென்சில் கிராபைட்டால் இணைத்தால் பெருக்கும் எண் திறந்துகொள்ளும். கோர் 2இல் பென்சிலைக் கொண்டு போகாதீர்கள்.

மூன்று கோர் ஃபீனத்தை நாலு ஆக்கலாமா?

சிலவற்றில் முடியும். ஃபீனம் 2 எக்ஸ்3இல் நாலு கோரும் இருக்கிறது, ஒன்றை மூடி விற்றார்கள். மூடிய கோர் உண்மையாகவே பழுதானதா, சந்தைக்காக மூடியதா என்பது திறந்து சோதித்தால்தான் தெரியும். எஸ்பி750 என்ற துணைச் சிப் உள்ள சில போர்டுகளின் பயோஸில் அதற்கான வழி உண்டு. திறந்த கோரை ஒரு இரவு முழுக்கச் சோதிக்காமல் நம்ப வேண்டாம்.

ஃப்ரிட்ஜுக்குள் வைத்தால்?

ஃப்ரிட்ஜ் சாமானின் சூட்டை ஒரு தரம் எடுத்துவிட்டு ஓய்வெடுக்கச் செய்த மெஷின். உள்ளே 100 வாட் ஓயாமல் எரிந்தால் கொம்ப்ரசர் நிற்காமல் ஓடும். கதவைத் திறந்ததும் எங்கள் ஈரக்காற்று போர்டில் தண்ணீராகக் கோர்க்கும். வேண்டாம்.

இவ்வளவு பாடுபடுவதற்கு வேறு வழி இல்லையா?

இருக்கிறது, பலருக்கு அதுதான் நல்லது. ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு சிறிய எஸ்எஸ்டி ஒன்று போட்டால் வரும் வித்தியாசத்தை எந்த ஓவர்க்ளொக்கும் தராது. 2 ஜிபி ரேமோடு குரோம் திறப்பவர் ப்ரொசெசரைக் குறை சொல்லக் கூடாது.

775 போர்ட் இருந்தால் இன்னொன்று: சேர்வரில் இருந்து கழற்றிய ஜியொன் ஈ5450. நாலு கோர், 3.0 கிகாஹேர்ட்ஸ், 80 வாட். அது 771 சொக்கெட்டுக்கானது. இரண்டு தொடுபுள்ளிகளை இடம் மாற்றும் சிறு ஸ்டிக்கர் ஒட்டி, சொக்கெட்டின் இரண்டு பிளாஸ்டிக் முனைகளை வெட்டிவிட்டால் பல போர்டுகளில் ஓடும். உங்கள் போர்டின் சிப்செட்டும் பயோஸும் ஏற்குமா என்று பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

கூட்டினேன், இப்போது திரையே வரவில்லை!

பதற வேண்டாம். ப்ளக்கைக் கழற்றி, பவர் பட்டனை ஒரு தரம் அழுத்தி மிச்சக் கரண்டை இறக்குங்கள். போர்டில் உள்ள சீஆர்2032 பட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வையுங்கள், அல்லது ‘க்ளியர் சீமொஸ்’ என்று எழுதிய இரண்டு ஊசிகளை சில செக்கன் இணையுங்கள். பயோஸ் பழைய நிலைக்குத் திரும்பும். ஒவ்வொரு கரண்ட் கட்டுக்குப் பிறகும் திகதியும் நீங்கள் வைத்த வேகமும் காணாமல் போகிறது என்றால் அந்தப் பட்டரி செத்துவிட்டது; எந்த மணிக்கூட்டுக் கடையிலும் கிடைக்கும்.